கணவாய்க் காற்றும் மலைப் பனியும்: புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் சுவாசம்

மார்கழி பிறந்து, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வழியே கொங்கு நாட்டு வறண்ட காற்று மேற்கு நோக்கிப் பாயத் தொடங்கிவிட்டால், வாளையார் முதல் கொழிஞ்சாம்பாறை வரையுள்ள ஊர்களில் தும்மலும் இருமலும் எட்டிப் பார்க்காத வீடு அரிது. அதே நாட்களில், தெற்கே போடிமெட்டுக்கு அப்பால் இடுக்கி மலைகளின் ஏலத்தோட்டங்களில் பனி இறங்கி நிற்கும். இவ்விரு பிரதேசங்களிலும் இருமலுக்கு ஜனங்கள் கூறும் சமாதானம் ஒன்றே: “காத்து சீசன், அதான் இருமுது.” புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர் விஷயத்தில் மட்டும் இந்தச் சமாதானத்தை நம்பி இருந்துவிடக் கூடாது. அதற்காக, ஒவ்வொரு தும்மலையும் நோய் மீண்டும் வந்ததன் அறிகுறி என்றெண்ணி உறக்கமிழப்பதும் வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவே பகுத்தறிய ஒரு வழி இருக்கிறது.

காற்று கொண்டுவருவது

கணவாயின் கிழக்கு வாசலில் பார்த்தீனியம் தரிசு நிலமெங்கும் மண்டி, மழைக்குப் பின் பூத்துக் குலுங்குகிறது. முதலமடையின் மாந்தோப்புகளும் பூக்கின்றன. இரண்டாம் போக நெல்லை அறுக்கும் காலத்தில் இயந்திரத்தின் பின்னால் எழும் உமித்தூசி சாலையையே மறைத்துவிடுகிறது. மலைமேல் சங்கதி வேறு. தென்மேற்குப் பருவமழை ஆனியிலும் ஆடியிலும் விடாமல் பெய்து தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களின் சுவர்களை நனைக்க, அந்த ஈரத்தில் பிறக்கும் பூஞ்சை, மழை நின்ற பின்னும் கம்பளியிலும் தலையணையிலும் குடியிருந்துகொண்டு, வெயில் காணாத மார்கழி வரையில் மூச்சோடு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. கதவடைத்த அறையில் எரியும் விறகடுப்பின் புகையும், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் அனலும் இதனுடன் சேர்கின்றன.

அரிப்பு என்னும் சாட்சி

ஒவ்வாமைக்கு நம்பத்தக்க ஓர் அடையாளம் உண்டு, அது அரிப்பு. மூக்கும் கண்ணும் அண்ணமும் அரித்து, அடுக்கடுக்காய்த் தும்மல் வந்து, தெளிந்த நீர் ஒழுகி, தூசியை விட்டு விலகினால் தணியுமானால் அது பெரும்பாலும் ஒவ்வாமையே. அதில் சுரம் வராது. அரிப்பேதும் இல்லாமல் வறட்டிருமல் மட்டும் நாளுக்கு நாள் வலுக்குமானால், நேற்று ஏறிய படியில் இன்று நின்று மூச்சு வாங்க நேருமானால், மாலையில் இலேசான சுரம் தலைகாட்டுமானால், பழியைக் காற்றின்மேல் போடாமல் மருத்துவரிடம் செல்வதே உசிதம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் அவசியம்.

கரண்ட் வைத்த மார்பு

கதிர்வீச்சுச் சிகிச்சையை நம் ஊர்களில் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். மார்பகத்துக்கோ, நுரையீரலுக்கோ, உணவுக்குழாய்க்கோ கரண்ட் வைத்துக்கொண்டவர்களில் சிலருக்கு, சிகிச்சை முடிந்து ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள், கதிர் பட்ட நுரையீரல் பகுதி அழன்று, வறட்டிருமலும் மூச்சுத்திணறலும் இலேசான சுரமும் தோன்றுகின்றன. ஆவணியில் சிகிச்சை முடித்தவருக்கு இது மார்கழியில், ஊரே இருமிக்கொண்டிருக்கும் சமயத்தில் வருமாதலால், அண்டை வீட்டாரின் இருமலோடு இதுவும் ஒன்றாக எண்ணப்பட்டுவிடுகிறது. உரிய காலத்தில் கண்டறிந்தால் ஸ்டீராய்டு மருந்தினால் பெரும்பாலும் தணியக்கூடிய இந்த அழற்சி, தீவிரமாகிக் கவனிக்கப்படாமற் போனால் உயிருக்கே அபாயமாகலாம். பின்னாளில் நுரையீரல் தழும்பேறி இறுகுவதும் உண்டு.

கீமோ மருந்துகளிலும் பேதமுண்டு. பிளியோமைசின் நுரையீரலைத் தாக்கக்கூடியது. அதைப் பெற்றவர் ஆண்டுகள் சென்று வேறொரு அறுவைக்குப் போனாலும், மிகுந்த பிராணவாயு கொடுப்பதில் நிதானம் தேவைப்படலாமாகையால், மயக்க மருந்து தருபவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். சிவப்பு நிறமாய் ஏறும் டாக்ஸோரூபிசினும், மார்பகப் புற்றுநோய்க்குச் சிலருக்குத் தரப்படும் டிராஸ்டுசுமாப்பும் இருதயத்தைத் தளர்த்தக்கூடும். படுத்தால் மூச்சுமுட்டி, உட்கார்ந்தால் தணிந்து, பாதம் வீங்குமானால் அது மூக்கின் விவகாரமன்று. திடீரென மூச்சடைத்து நெஞ்சு வலிப்பதும், ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலிப்பதும் இரத்தக் கட்டியின் குறியாகலாம். இருமலில் இரத்தம் காண்பதும் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. கீமோ நடக்கும் காலத்தில் 100.4 பாரன்ஹீட் சுரம் வந்தாலே, இரவானாலும், காய்ச்சல் மாத்திரையால் அமுக்கிவிட்டுக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

மருந்துக் கடையில்

என் மனத்தை மிகவும் வருத்துவது, கடையில் பெயர் சொல்லாமல் தரப்படும் அந்தக் கலவை மாத்திரைப் பொட்டலமே. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இருமல் மூன்றே நாளில் அடங்கும். உள்ளிருக்கும் தொற்றோ அடங்காது, மறைந்து வளரும். மருத்துவரே தந்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் அதே அளவு தவறு. ஒவ்வாமைக்கு உரிய மூக்குத் தெளிப்பு மருந்தும், மூச்சுக்குழாய் இறுகியவருக்கு இன்ஹேலரும் நல்ல துணைகள். இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயம் ஆதாரமற்றது. அது மருந்தை வேண்டிய இடத்துக்கே சேர்ப்பதால், மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவு போதுமானதாகிறது. ஆடாதோடைக் கஷாயம் குடிப்பவர் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லலாம்.

வீட்டிலும் தோட்டத்திலும்

கொதிக்க வைத்து ஆறவிட்ட கால் லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து மூக்கைக் கழுவுவது எளிய சுகம்; இரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். காற்று வீசும் முற்பகலில் ஜன்னலை அடைத்து வைப்பதும், வெளியே போகையில் என்-95 முகக்கவசம் அணிவதும், போர்வையைக் கொதிநீரில் அலசி வெயிலில் காயவிடுவதும் பலன் தரும். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்தியும் சில மாதங்கள் சிகிச்சை முடித்தவரின் வீட்டை விட்டு விலகியிருக்கட்டும். இன்புளூயன்சா, நிமோனியா தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்று புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம். தோட்ட வேலைக்குத் திரும்பும் பெண்கள், பூச்சிமருந்தடிக்கும் நாளிலும் ஸ்டோர் வேலையிலும் தமக்கு விலக்கு வேண்டுமென்று கேட்கக் கூசுகிறார்கள். மருத்துவரின் சீட்டு ஒன்று அந்தக் கூச்சத்தைப் போக்கும்.

எல்லை தாண்டும் காகிதம்

1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ, 1981இல் திருவனந்தபுரத்தில் அமைந்த மண்டலப் புற்றுநோய் மையத்திலோ, கோயம்புத்தூர், மதுரை ஆஸ்பத்திரிகளிலோ சிகிச்சை பெற்றவர், மூச்சு முட்டும் இரவில் போய் நிற்பது குமுளியிலோ பாலக்காட்டுச் சித்தூரிலோ உள்ள அருகாமை வைத்தியரிடமாகத்தான் இருக்கும். என்ன மருந்து ஏறியது, எந்தப் பக்கம் கரண்ட் வைத்தது, எப்போது முடிந்தது என்ற மூன்றும் அவருக்குத் தெரிந்தால் பாதி வழி கடந்தாயிற்று. கேரளத்தில், 2008இல் அரசு வகுத்த நோய்தணிப்புக் கொள்கையின் வழியே உள்ளாட்சி செவிலியர் வீடு தேடி வருகிறார்கள். தமிழகத்தில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வருகிறார்கள். அந்த மூன்று விவரங்களையும் ஒரே தாளில் எழுதித் தரும்படி அவர்களிடம் கேட்கலாம். நனையாத உறையில் இட்டு, போடியிலிருந்து மலையேறும் ஜீப்பிலும் கைப்பையிலேயே இருக்கும்படி அந்தத் தாளை வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இளையவர் கைபேசியில் அதன் படமொன்றும் இருக்கட்டும்.