உதிரிச் சில்லில் பனிக்கால டயர்

ஜப்பானின் ஹொக்கைடோ, தொஹொக்கு போன்ற பனி கொட்டும் பகுதிகளில் ஓடிய கார்கள் இலங்கைக்கு வரும்போது சில வேளை அந்தக் குளிர்கால டயர்களுடனேயே வந்து இறங்குகின்றன. கண்டியில் அவற்றைக் கழற்றிவிட்டுச் சாதாரண டயர் போட்டவருக்கு, பூ தேயாத பழைய டயர்களை எறிந்துவிட மனம் வராது. வீட்டிலோ கராஜிலோ கிடக்கும் உதிரிச் சில்லுகளில் அவற்றை ஏற்றி வைத்தால் என்ன என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் டயரின் அளவும் சில்லின் அளவும் ஒன்றா என்று பார்ப்பதோடு சோதனை முடிவதில்லை. டயர் சில்லில் உட்கார வேண்டும், சில்லு காரில் உட்கார வேண்டும், அந்த ரப்பர் கண்டியின் வீதிக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும்.

பனிக்கால டயரை அடையாளம் காண்பது எளிது. மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த சின்னம் பல டயர்களின் பக்கச் சுவரில் இருக்கும். ஜப்பானியச் சந்தைக்கான டயரில் 'ஸ்டட்லெஸ்' என்ற சொல் ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். முன்பு அங்கே இரும்பு முளை பதித்த டயர்களே பனியில் ஓடின. அவை தாரைச் சுரண்டி எழுப்பிய தூசு நகரங்களை வாட்டியதால் 1990இல் அவற்றைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. முளை இல்லாமலே பனிக்கட்டியைப் பற்றும் டயர்கள் அந்த இடத்தைப் பிடித்தன. பிரிட்ஜ்ஸ்டோனின் பிளிசாக் 1988இலேயே விற்பனைக்கு வந்திருந்தது. பூக்கட்டைகள் முழுவதும் நெருக்கமாக ஓடும் மெல்லிய கீறல்கள் இவ்வகை டயரைத் தொட்டதும் காட்டிக்கொடுக்கும்.

டயருக்கும் சில்லுக்கும் உள்ள பொருத்தத்தை முதலில் பார்க்க வேண்டும். 175/65 ஆர் 15 என்றால் டயரின் அகலம் 175 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், உள்விட்டம் 15 அங்குலம். உள்விட்டத்தில் விட்டுக்கொடுப்பே இல்லை. 14 அங்குல டயரை 15 அங்குலச் சில்லில் ஏற்ற முயல்வது உயிராபத்தான வேலை. காற்று அடிக்கும்போது விளிம்புக் கம்பி அறுந்து டயர் வெடிக்கலாம். அகலத்தில் சிறிது இடமுண்டு. 175/65 ஆர் 15 டயருக்கு 5 முதல் 6 அங்குலம் வரை அகலமுள்ள சில்லும், 195/65 ஆர் 15 டயருக்கு 5½ முதல் 7 அங்குலம் வரையான சில்லும் ஏற்றவை. சில்லின் ஆரக்காலிலோ உட்புறத்திலோ 15 × 5½ ஜே என்பது போலப் பொறித்திருக்கும் எண்ணே இதற்குச் சான்று.

பல கார்களின் பின்பெட்டியில் கிடக்கும் ஒல்லியான தற்காலிகச் சில்லு இந்தச் சோதனையிலேயே தோற்றுவிடும். அதில் 15 × 4 டி என்று இருக்கும். 4 அங்குல அகலச் சில்லில் சாதாரண டயரின் பக்கச் சுவர்கள் உள்நோக்கி இறுகிப் பூவின் நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும். அச்சில்லுக்கு அதற்கென்றே செய்த, 60 பி.எஸ்.ஐ. காற்று கேட்கும், மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாத ஒல்லி டயர் மட்டுமே உரியது. டொயோட்டா அக்குவா போன்ற சில கார்களில் அதுவும் இல்லாமல் பசைப் போத்தலும் காற்றுப் பம்பியுமே தரப்பட்டிருப்பதால்தான் வேறொரு காரின் சில்லைத் தேடிப் போகிறார்கள்.

அப்படித் தேடும்போது போல்ட் வட்டத்தின் விட்டம் முக்கியம். கடைக்காரர்கள் பி.சி.டி. என்பது இதைத்தான். டொயோட்டாவின் அக்சியோ, அக்குவா, ஹொண்டா ஃபிட், சுசுகி வேகன் ஆர் எல்லாவற்றிலும் நான்கு துளைகள், 100 மில்லிமீற்றர் வட்டம். மூன்றாம் தலைமுறை பிரியஸில் ஐந்து துளை, 100 மில்லிமீற்றர். ஹொண்டா வெசலில் ஐந்து துளை, 114.3 மில்லிமீற்றர். நான்கு துளைச் சில்லில் எதிரெதிர்த் துளைகளின் மையங்களுக்கு இடையே அளந்தால் போதும். ஐந்து துளையில் நேரெதிரே துளை இல்லாததால் அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத் தூரத்தை அளக்க வேண்டும்: 58.8 வந்தால் 100 மில்லிமீற்றர் வட்டம், 67.2 வந்தால் 114.3.

நான்கு துளைகளும் பொருந்தியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத சிக்கல் நடுத்துளையில் இருக்கிறது. அக்சியோவின் நடுத்துளை 54.1 மில்லிமீற்றர், ஃபிட்டினுடையது 56.1. அதனால் அக்சியோவின் சில்லு ஃபிட்டின் ஹப்பில் ஏறவே ஏறாது. ஃபிட்டின் சில்லு அக்சியோவில் ஏறும், ஆனால் 2 மில்லிமீற்றர் ஆட்டம் இருக்கும். சில்லு மையம் தப்பி உட்கார்ந்தால் ஓட்டத்தில் ஸ்டியரிங் நடுங்கும். அந்த இடைவெளியை நிரப்ப வளையம் கிடைக்கிறது.

நட்டிலும் அதே கவனம் வேண்டும். டொயோட்டாவும் ஹொண்டாவும் ஒரே மரையைக் கொண்டவை, 12 மில்லிமீற்றர் தடிப்பில் 1.5 இடைவெளி. ஆனால் ஹொண்டாவின் சொந்தச் சில்லுகளில் நட் உட்காரும் குழி உருண்டை வடிவம், டொயோட்டாவில் பெரும்பாலும் கூம்பு. கூம்பு நட்டை உருண்டைக் குழியில் முறுக்கினால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும் உலோகம் தொடும். இறுகியது போலத் தோன்றிப் பிறகு தளரும். சுசுகியின் மரை 1.25 இடைவெளி கொண்டது என்பதால் அதன் நட்டை டொயோட்டாவின் போல்ட்டில் வலிந்து ஏற்றினால் மரை கெடும். நட் எதுவானாலும் முதல் சில சுற்றுகள் வெறும் விரலாலேயே ஏற வேண்டும்.

சில்லு உள்ளே எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைக் காட்டும் ஓஃப்செட் எண்ணும் சில்லிலேயே இருக்கும். 39 என்ற சில்லுக்குப் பதிலாக அதே அகலத்தில் 50 என்ற சில்லைப் போட்டால் டயர் 11 மில்லிமீற்றர் உட்பக்கம் போகும்; அதிர்வுதாங்கியிலோ ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது உட்சுவரிலோ உரசக்கூடும். சில்லைக் கையால் மாட்டி, நட்டுகளைப் போட்டு, மெல்லச் சுழற்றிப் பார்த்தால் பிரேக் கலிப்பரில் படுகிறதா என்பதும் தெரிந்துவிடும். டயர் ஏற்றுவதற்கு முன்பே, வெறும் சில்லில் இதைச் செய்வது நல்லது. டயர் ஏற்றிய பின் இன்னொரு முறை, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்துப் பார்க்க வேண்டும்.

மொத்த விட்டத்தையும் கணக்கிட வேண்டும். 175/65 ஆர் 15 டயரின் விட்டம் 608.5 மில்லிமீற்றர். 185/60 ஆர் 15 என்றால் 603. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 195/65 ஆர் 15 என்றால் 634.5, நான்கு சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். ஒரே அச்சின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு விட்டம் இருந்தால் நேர் வீதியிலும் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைக்கும், வழுக்கலைக் கண்காணிக்கும் உணரிகளும் குழம்பும். நான்கு சில்லும் இழுக்கும் கார்களில் இந்த விட்டப் பிசகைச் சில கிலோமீற்றருக்குக்கூட அனுமதிக்கக் கூடாது.

அளவுக்குப் பின்னால் உள்ள எண், தாங்கும் பாரத்தைச் சொல்கிறது: 81 என்றால் 462 கிலோ, 84 என்றால் 500, 91 என்றால் 615. கார் கேட்பதை விட இது குறையக்கூடாது. அடுத்துள்ள எழுத்து வேகத்துக்கு உரியது. பனிக்கால டயர்களில் அடிக்கடி காணும் 'கியூ' மணிக்கு 160 கிலோமீற்றர் வரை தாங்கும் என்பதால் இலங்கை வீதிகளில் இந்த எழுத்து தடையாக இராது.

இத்தனையும் தேறிய பிறகும் ரப்பரின் குணம் பாக்கி இருக்கிறது. கோடைக்கால டயரின் ரப்பர் சுமார் 7 பாகை செல்சியசுக்குக் கீழே விறைக்கத் தொடங்கும் என்பதே பனிக்கால டயர் பிறந்ததற்குக் காரணம். இதன் கலவையில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூடுதலாகச் சேர்ந்து, உறைகுளிரிலும் அதை நெகிழ வைக்கின்றன. இயற்கை ரப்பர் கண்ணாடி போல் விறைப்பது சுமார் −70 பாகையில்தான். இந்த ரப்பரின் ஆசியக் கதையில் கண்டிக்கும் ஓர் இடமுண்டு: 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்த நாற்றுகளைப் பொறுப்பேற்றது பேராதனைத் தாவரவியற் பூங்காவின் நிர்வாகமே, அவை நடப்பட்டது கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில்.

கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 25 பாகையை ஒட்டியது; வெயிலில் தார் அதைவிட மிக அதிகமாகச் சுடும். இந்தச் சூட்டில் மென்மையான பூக்கட்டைகள் நெளிகின்றன, விரைந்து தேய்கின்றன, ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் ஒரு கணம் தாமதித்தே திரும்புகிறது. மழையில் இன்னும் மோசம். ஈரத் தாரில் பனிக்கால டயருக்குப் பிரேக் பிடிக்கும் தூரம் கூடுகிறது, கண்டிக்கோ இரண்டு பருவக்காற்றுகளும் மழை தருகின்றன. கடுகண்ணாவக் கணவாயின் இறக்கத்திலும், மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவுகளிலும் அந்தக் கூடுதல் தூரம் விளையாட்டல்ல. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி படிவதுண்டு. அதற்காகவும் இந்த டயர் தேவையில்லை. வீதியில் பனி குவிவதில்லை, காலை வெயில் ஏறியதும் குளிரும் விலகிவிடும்.

ஆகவே எல்லா அளவும் பொருந்திய பனிக்கால டயரைக் காற்றுப்போன இடத்திலிருந்து டயர் கடை வரை மெதுவாகப் போகும் உதிரியாக வைத்துக்கொள்ளலாம், நான்கிலும் போட்டு நாளாந்தம் ஓடுவதற்கு அல்ல. சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி உள்ள டயரானால் அது காரின் ஒரு பக்கத்துக்கே சரிவரும். பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கத்தில் தயாரித்த காலம் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பூ நிறைய மிஞ்சியிருந்தாலும், பின்பெட்டிச் சூட்டில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த ரப்பர் இறுகி, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் விட்டிருந்தால் அந்த டயரை எந்தச் சில்லிலும் ஏற்றக்கூடாது.