கிணற்றுப் பங்கும் இணையப் பங்கும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்துப் பழகியவர்கள், எல்லைகள் கூறப்பட்ட பின்னர் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காற் பங்கும் குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். கிணறு ஒருவர் வளவில் இருக்கும். அதில் அரைப் பங்கோ காற் பங்கோ வேறொருவருக்கு உரியதாயிருக்கும். வளவுக்காரனோடு முகங்கொடுத்துப் பேசாதவனும் தன் முறை வந்ததும் இறைத்துக்கொண்டு போவான். அது உதவியன்று, உரித்து.

அயல்வீட்டாரின் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் நம் கிராமங்களிற் பரவியபோது இந்த வேறுபாடே என் மனத்தில் நின்றது.

2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வரத் தொடங்கின. போகிட்டியாவ என்னும் கிராமத்தில் ஆசிரியையும் மாணவரும் காட்டுவழி நடந்து, பாறையில் ஏறி அலை பிடித்த செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. எங்கள் ஊரில் ஏறுவதற்குப் பாறை இல்லை; வேலி இருந்தது.

எங்கள் ஒழுங்கையில் ஒரே வீட்டில்தான் ரௌட்டர் இருந்தது. வெளிநாட்டிலுள்ள மகனோடு பேசுவதற்காக எடுத்தது. அவ்வீட்டு வேலியோரம் பிள்ளைகள் குந்தியிருந்து படிப்பார்கள். எனக்கும் அதே அலைதான். கற்சுவரைக் கடந்து, முற்றத்தைத் தாண்டி வேலியருகே வருகையில் அது இளைத்துவிடும். தகரவேலி அதனைத் திருப்பி அனுப்பும். மழையில் நனைந்த இலைகள் அதனைக் குடித்துவிடும். காய்ந்த கிடுகுவேலியே அதற்கு உகந்தது. மதில் கட்ட வசதியற்றவரின் வேலிக்கு இப்படியொரு பெருமை கிடைத்ததில், விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்குச் சிறு மகிழ்ச்சி உண்டு.

கொடுப்பவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பொதிக்கு இத்தனை ஜிபி என்று அளவு. படத்துடன் நடக்கும் சூம் வகுப்பு மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபி வரையுங்கூடக் கொண்டுபோகும். “மாஸ்ரர், பிள்ளையள் படிக்கிறதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா இருபதாந் திகதியோட டேற்றா முடிஞ்சு போகுது, மகனோட கதைக்கேலாமக் கிடக்கு” என்று அவ்வீட்டு அம்மா என்னிடம் கூறியது குறையன்று, கணக்கு. இரவுக்கென ஒதுக்கப்பட்ட பங்கு மட்டும் மிஞ்சிக் கிடக்கும். ஆகவே உயர்தர மாணவி ஒருத்தி நள்ளிரவுக்குப் பின் எழுந்து, பாடக் காணொளிகளை இறக்கிக்கொள்வாள்.

2021இல் அம்மாணவியின் வீட்டாருக்கும் ரௌட்டர் வீட்டாருக்கும் கதியால் தகராறு மூண்டது. ஒரு முழ நிலம். மறுநாளே கடவுச்சொல் மாறிவிட்டது. கோபம் பெரியவர்களுடையது, நட்டம் இரசாயனவியற் பாடத்துக்கு. கிணற்றிற் பங்கிருந்தால் எந்தக் கதியாற் சண்டையும் துலாக்கயிற்றை அறுக்க முடியாது. கடவுச்சொல்லுக்கு உறுதி எழுதுவாரில்லை.

கிணற்றை நான் புகழ்வதாக எவரும் எண்ணவேண்டாம். அதே கிணற்றுக்கட்டில் ஏற விடப்படாது, யாராவது அள்ளி ஊற்றும்வரை சாதியின் பேரால் வெறுங்குடத்துடன் ஒதுங்கி நின்ற மக்களும் இம்மண்ணில் இருந்தனர். பங்குடையவனுக்கு உரித்து, பங்கற்றவன் பிறன் கைபார்த்து நின்றான்.

ஸ்பெயின் நாட்டின் கற்றலோனியாவில் ஓசோனா என்னும் பகுதி உண்டு. அங்குள்ள கிராமங்களுக்குக் கம்பனிகள் தக்க இணையத்தைக் கொண்டுவராமையால், 2004இல் ஊரவர்களே கூரைக்குக் கூரை அன்ரெனா பூட்டி அலையைக் கடத்தினர். கிபிநெற் எனப்படும் அவ்வலையமைப்புக்கு 2008இல் ஒரு மன்றம் அமைந்தது. பின்னர் அது 30,000க்கும் மேற்பட்ட முனைகளாகப் பெருகிற்று. புதிதாகச் சேர்பவனும் வலையை நீட்டுகிறான். தன் கூரை வழியாக அயலான் செய்தி போவதை மறிக்க அவனுக்கு உரிமையில்லை. நேபாளத்து நாங்கி என்னும் மலைக்கிராமத்திலும் மகாவீர் புன் என்ற ஆசிரியர் இத்தகைய பணியையே செய்தார். 2007இல் மகசேசே விருது பெற்றார்.

இவற்றை வாசித்த பின், 2022இல் ஒழுங்கையாரை எங்கள் வாசிகசாலையிற் கூட்டினேன். பத்திரிகை ஒன்றைப் பலர் பகிர்ந்து வாசித்த இடம் அது, பேச்சுக்கு ஏற்றதாயிருந்தது. ஐந்து வீட்டார் மாதக் கட்டணத்தைப் பிரித்துக் கொடுப்பதெனவும், வரவு செலவைக் கொப்பியில் எழுதுவதெனவும், எவருக்கிடையே சண்டை வந்தாலும் ஐவரும் கூடாமற் கடவுச்சொல்லை மாற்றுவதில்லையெனவும் முடிவாயிற்று. இணைப்பைப் பிறருக்கு விற்பதைக் கம்பனிகளின் நிபந்தனைகள் பெரும்பாலும் தடுக்கின்றன. நாம் விற்கவில்லை, பங்கிட்டோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். அந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது சட்டம் படித்தவர்களுக்குரிய கேள்வி. கதியால் வழக்கு இன்னும் தீரவில்லை. இரு வீட்டாரும் பேசுவதுமில்லை. ஆயினும் கொப்பியில் இருவர் கையெழுத்தும் மாதந்தோறும் விழுகின்றது.

அண்மையில், ஒழுங்கைக்கு அப்பாலுள்ள வீட்டாரையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். இருவர் வாய்திறக்கவில்லை. “அங்க சிக்னல் எட்டாது, மாஸ்ரர்” என்றார் மற்றொருவர். அன்று மாலை கைத்தொலைபேசியுடன் அவர்கள் படலையடியிற் போய் நின்று பார்த்தேன். மூன்று கோடுகள் காட்டின. அடுத்த கூட்டத்தில் அதனைச் சொல்ல இருக்கிறேன்.