பசு உண்டா, இல்லையா?

லீவுக்கு அறந்தாங்கி சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். திண்ணையில் பல்லாங்குழி ரெடி! ஆட்டம் சூடு பிடிக்கும்போது, "நாலு சேர்ந்தாச்சு, பசு! எனக்கு!" என்று அள்ளுகிறாள் சித்தி மகள். "எங்க ஊர்ல பசுவே கிடையாது, இது அழுகுணி ஆட்டம்!" என்று கத்துகிறீர்கள் நீங்கள். பக்கத்தில் குட்டித் தம்பி, "என்னைச் சேர்த்துக்கவே இல்லை" என்று அழுகிறான். அவ்வளவுதான், ஆட்டம் காலி!

இதில் யார் அழுகுணி? யாருமே இல்லை! பல்லாங்குழியை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறு மாதிரி ஆடுகிறார்கள். எளிதான ஆட்டமும் உண்டு, மூளையைக் கசக்கும் ஆட்டமும் உண்டு.

சின்ன ஆட்டம்

பலகையில் ஒரு பக்கம் 7 குழி, மறுபக்கம் 7 குழி. குழிக்கு 5 புளியங்கொட்டை. மொத்தம் 70. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வரிசையாக ஒவ்வொன்றாகப் போடுங்கள். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அடுத்த குழி காலியா? அதைக் கையால் தடவிவிட்டு, அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எதிராளி ஆடவேண்டும். இரண்டு குழி சேர்ந்தாற்போல் காலி என்றால் ஒன்றும் கிடைக்காது! ஒரே சுற்று. 36 கொட்டை சேர்த்தால் வெற்றி. எண்ணத் தெரிந்த யாரும் ஆடலாம்.

பெரிய ஆட்டம்

இதே ஆட்டத்தில் 'பசு'வைச் சேருங்கள். 3 கொட்டை உள்ள குழியில் இன்னொன்று விழுந்தால் 4 ஆகிவிடும். அதுதான் பசு. யார் பக்கத்துக் குழியோ, அவர் உடனே எடுத்துக்கொள்ளலாம். எதிராளி ஆடும்போதும் கண்ணை எடுக்க முடியாது!

அடுத்த சுற்றும் உண்டு. உங்களிடம் 30 கொட்டைதான் இருக்கிறதா? 6 குழியைத்தான் நிரப்ப முடியும். ஏழாவது குழியை மூடிவிடுவார்கள். 40 வைத்திருப்பவர் 7 குழியையும் நிரப்பி, 5 கொட்டையைக் கையிலும் வைத்துக்கொள்வார். ஒரு சுற்றில் செய்த தப்பு அடுத்த சுற்றுக்கும் கூடவே வரும்!

அமெரிக்காவிலும் இதே கதை

ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை வளர்க்கும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய இது 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. விதிகள் புரியாமல் புதியவர்கள் திண்டாடினார்கள். அதனால் 1977-ல் அவர்களுக்காக 48 பக்கத்தில் எளிய விதிப் புத்தகம் வந்தது. தேர்ந்தவர்களுக்கோ 1977 முதல் 1979 வரை மூன்று கனமான புத்தகங்கள்!

இரண்டுக்கும் ஆள் இருந்தார்கள். விதி குறைவாக இருந்தால் சட்டென்று ஆடத் தொடங்கலாம். ஆனால் சந்தேகம் வந்தால் பேசித்தான் தீர்க்கவேண்டும். விதி அதிகமென்றால் சண்டைக்குப் பதில் புத்தகத்திலேயே இருக்கும். ஆனால் கற்றுக்கொள்ள நாளாகும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* முதல் கொட்டை விழும் முன்பே, "பசு உண்டா? எத்தனை சுற்று?" என்று பேசி முடிவு செய்யுங்கள். நடுவில் மாற்றக் கூடாது.
* கூட்டத்தில் ரொம்பச் சின்னவர் யார் என்று பாருங்கள். அவருக்குப் புரிகிற ஆட்டத்தையே முதலில் ஆடுங்கள். அது மட்டமான ஆட்டம் அல்ல, முதல் படி!
* அவர் ஜெயிக்கத் தொடங்கியதும் பசுவை அவிழ்த்து விடுங்கள்!

ஆலங்குடியோ, கீரனூரோ, திருமயமோ, உங்கள் வீட்டுப் பாட்டியிடம் அவர் ஆடிய விதிகளைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். நண்பன் வீட்டுப் பாட்டியின் விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை வித்தியாசம் என்று ஆச்சரியப்படுவீர்கள்!

என்ன குட்டீஸ், 70 புளியங்கொட்டை எண்ணியாச்சா? தம்பியையும் கூப்பிடுங்கள்!