ஈட்டி எறிந்த கைக்கு லட்சம் டாலர்!

பாலவனத்தம் கரிசல் காட்டில் கம்பு கதிர் பிடித்தால் குருவி விரட்ட ஆள் வேண்டும். கவணைச் சுழற்றிக் கல்லை வீசினால் குறி தப்பாது. அந்தக் கைக்கு விலை உண்டா?

உண்டு! உத்தரப் பிரதேச வாலிபர் ஒருவரின் கைக்கு லட்சம் டாலர் கிடைத்தது.

அவர் பெயர் ரிங்கு சிங். (கிரிக்கெட் வீரர் ரிங்கு சிங் வேறு.) தந்தை லாரி டிரைவர். வீட்டில் பிள்ளைகள் 9 பேர்.

பார்த்திராத பந்து

பேஸ்பால், அமெரிக்கர்கள் உயிராக நினைக்கும் ஆட்டம். 60 அடிக்கு அப்பால் நின்று, பந்து தரையில் படாமல் வீச வேண்டும். அதற்கு ஆள் தேடி 2008-ல் இந்தியாவில் போட்டி நடந்தது. 37 ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள்.

ரிங்கு அதுவரை ஈட்டி எறிந்தவர். பேஸ்பாலைத் தொட்டதே இல்லை. ஆனாலும் மணிக்கு 87 மைல் வேகத்தில் வீசி முதல் பரிசைத் தட்டிச் சென்றார். இரண்டாவதாக வந்த தினேஷ் பட்டேலும் ஈட்டி வீரரே!

இருவரையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் குழு சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. 2009 ஜூலையில் ரிங்கு முதல் வெற்றி கண்டார்.

கை கொடுத்த துன்பம்

2010-ல் தினேஷை குழு விடுவித்தது. அவர் ஊர் திரும்பினார். ரிங்கு விடவில்லை. ஆனால் வாழ்வு தந்த கையே நோக ஆரம்பித்தது. முழங்கையில் காயம், பிறகு அறுவைச் சிகிச்சை. உச்ச லீக்கில் ஆடும் ஆசை நிறைவேறவில்லை.

அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. 2018-ல் அமெரிக்க மல்யுத்த மேடைக்குப் போனார்!

கவண் சுழற்றும் பாலவனத்தம் சிறுவனின் கைக்கு எங்கே என்ன விலையோ, யார் கண்டார்?