காண்டர்பரி அரசர் பள்ளி

இங்கிலாந்து நாட்டின் தென்கிழக்கே காண்டர்பரி என்னும் பழம்பதி உள்ளது. அந்நாட்டுத் திருச்சபையின் தலைமைப் பேராயர்க்குரிய பேராலயம் விளங்குவது அந்நகரிலேயாம். பேராலயத்தின் திருச்சுற்றில் அமைந்தது அரசர் பள்ளி. கி.பி. 597இல் உரோமிலிருந்து போந்த அகஸ்டீன் முனிவர் தொடங்கிய கல்விப்பணியே இதற்கு வித்து என்பது வழிவழி வரும் நம்பிக்கை.

எட்டாம் ஹென்றி மன்னன் ஆணையால் பேராலயத்தைச் சார்ந்த துறவியர் மடம் 1540இல் கலைக்கப்பட்டது. மறு ஆண்டில் பேராலயத்தைப் புதுமுறையில் அமைத்த அம்மன்னன், பள்ளியையும் நிறுவினான். அதனாலேயே அஃது அரசர் பெயர் பெற்றது. இத்தகைய பள்ளிகளை இலக்கணப் பள்ளிகள் என்பர். இலக்கணம் என்றது ஆங்கில இலக்கணத்தை அன்று, இலத்தீன் இலக்கணத்தையே. திருச்சபைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அம்மொழியே வாயிலாக இருந்தமையின், அதனைக் கல்லாதவன் உயர்நிலை எய்துதல் அரிது. ஆகவே, அப்பள்ளியில் யார்க்கு இடம் என்பது சிறிய வினா அன்று.

அரசர் அறக்கொடையால் கற்கும் மாணாக்கர் 50 பேர் என வரையறுக்கப்பட்டது. அவர்களைத் தேர்ந்தெடுக்கக் கூடிய அவையில் வழக்கொன்று எழுந்தது. உயர்குடிச் சிறுவரையே சேர்த்தல் வேண்டும் என்றனர் சிலர். உழவன் மகனுக்கு ஏரும், தொழிலாளி மகனுக்குத் தந்தையின் தொழிலுமே தக்கன என்பது அவர்கள் வாதம். பேராயர் தாமஸ் கிரான்மர் அதனை மறுத்தார். அறிவும் நினைவாற்றலும் நாவன்மையும் இறைவன் அருளும் கொடைகள். அவன் அவற்றைக் குடி பார்த்து வழங்குவதில்லை என்றார். செல்வர் மகன் கற்கும் திறனுடையனாயின் சேர்க. இலனாயின், திறனுடைய ஏழை மகன் அவ்விடத்தைப் பெறுக என்பது அவர் முடிவு. அவையிலிருந்தோரும் எளிய தொடக்கத்திலிருந்து உயர்ந்தவரே என்பதை நினைவூட்டவும் அவர் தவறவில்லை. கேட்டோர் உள்ளத்தில் தைத்திருக்கும்!

பின்னர் நிகழ்ந்தவை கிரான்மர் சொல்லுக்குச் சான்றாயின. 1579இல் செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகன் அப்பள்ளியில் அறக்கொடை பெற்றுச் சேர்ந்தான். அவனே பின்னாளில் நாடகப் பெரும்புலவனாக விளங்கிய கிறிஸ்டோபர் மார்லோ. குருதி உடலைச் சுற்றி வருதலை 1628இல் நூலெழுதி நிறுவிய வில்லியம் ஹார்வியும் அங்குப் பயின்றவரே. முடிதிருத்துவோர் ஒருவரின் மகனான சார்லஸ் அபட், 1818இல் நாட்டின் தலைமை நீதிபதியானார். அவர் தம் மகனைக் காண்டர்பரிக்கு அழைத்துச் சென்று, அவன் பாட்டனார் ஒரு பென்னிக்கு முகம் மழித்த சிறு கடையைப் பெருமையுடன் காட்டினார் என்பர்.

நெடுங்காலம் ஆண்மக்களுக்கே உரியதாயிருந்த அப்பள்ளி, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண்மக்களையும் ஏற்றது. இன்று அது மிகுந்த கட்டணம் பெறும் தனியார் பள்ளி. எளியோர் மக்கள் எளிதில் புகுதற்கு இயலாதது. எனினும், தேர்வில் சிறந்தோர்க்கு அரசர் மாணாக்கர் என்னும் பழைய பெயர் இன்றும் அங்கு வழங்கப்படுகின்றது.