துடைப்பத்துக்கு முன்னால் செல்போன்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து, சென்னைப் பக்கம் பள்ளிக்கரணையிலும் முடிச்சூரிலும் தண்ணீர் வடிந்ததும் தெருவுக்குத் தெரு ஒரே காட்சி: ஊறிய மெத்தை, உப்பிப்போன பிளைவுட் அலமாரி, சேறு அப்பிய பிரிட்ஜ், எல்லாம் வாசலில். குப்பை வண்டியோ பழைய சாமான்காரரோ அள்ளிக்கொண்டு போனால், வீட்டுக்கு இன்சூரன்ஸ் வைத்திருப்பவரின் சாட்சியும் அதோடு போகிறது.

சேறு நாறும்போது சும்மா இருக்க முடியாதுதான். இருக்கவும் வேண்டாம், சேதம் மேலும் கூடாமல் தடுப்பது உங்கள் பொறுப்பு என்றே பாலிசி சொல்கிறது. முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அடுத்து செல்போனை எடுங்கள். அறைக்கு ஒரு வீடியோ. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்து ஒரு படம். பிரிட்ஜ், வாஷிங் மெஷினில் ஒட்டியிருக்கும் மாடல் எண், சீரியல் எண் ஸ்டிக்கரை நெருக்கத்தில் ஒரு படம். பில் கூழாகியிருந்தாலும் அந்த எண்ணும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கைகொடுக்கும். அப்புறம் தாராளமாகக் கழுவிவிடுங்கள். கெட்ட சாமானை மட்டும் இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை மொட்டை மாடியில் போட்டு வையுங்கள்.

“ஓடுதா பார்ப்போம்” என்று நனைந்த பிரிட்ஜை பிளக்கில் செருகவே கூடாது. ஷாக் அடிக்கும் ஆபத்து ஒருபுறம். ஷார்ட் சர்க்யூட்டில் எரிந்த மெஷினுக்குப் பணம் இல்லை என்ற விலக்கு வீட்டு பாலிசிகளில் வழக்கமாக இருக்கும். வெள்ளத்தில் கெட்டதா, சுவிட்சைப் போட்டதில் கெட்டதா என்ற வம்பு எதற்கு?

பாலிசியே இல்லை என்று நினைப்பவர்கள், வீட்டுக்கடன் இருந்தால் பேங்கில் ஒரு வார்த்தை கேளுங்கள். கடன் வாங்கியபோது கையெழுத்துப் போட்ட கத்தையில் அதுவும் ஒரு தாளாக இருந்திருக்கலாம். 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி என்றால், கட்டடத்தோடு வீட்டுச் சாமானுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, தானாகவே பாதுகாப்பு உண்டு. சேதத்தைப் பார்த்ததும் தகவல் சொல்லிவிட்டு, 30 நாளுக்குள் கிளைம் படிவம் கொடுக்க வேண்டும். ஏஜென்டிடம் வாயால் சொன்னதை நம்பியிருக்காதீர்கள். நிறுவனத்துக்கே ஈமெயில் அனுப்பி, கிளைம் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்வேயர் வரும்போது வீட்டில் இருங்கள். மேஸ்திரியும் எலக்ட்ரீஷியனும் எழுதித் தந்த எஸ்டிமேட்டைக் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். சர்வேயருடைய அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கலாம். தொகையைக் கூட்டிக் காட்டும் ஆசை மட்டும் வேண்டாம். ஒரு பொய் பில் மொத்த கிளைமையும் கவிழ்த்துவிடும்.

வரும் தொகை குறைவாகப் பட்டால், ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற வவுச்சரில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். ஆட்சேபத்தை முதலில் எழுத்தில் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்தில் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தர உத்தரவிடும் அதிகாரம் ஆம்பட்ஸ்மேனுக்கு உண்டு. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.