கோழிக் கூட்டிற்குக் காற்றும் காவலும்

மாலைப் பொழுதில் வேலியோரம் வந்து பதுங்கும் வெருகினைக் கண்டஞ்சிய பெட்டைக்கோழி, தன் குஞ்சுகளைக் கூவி ஒருங்கு சேர்க்கும் காட்சியை ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையில் நமக்குக் காட்டியுள்ளார். வெருகு என்பது காட்டுப்பூனை. புலவர் கண்ட அவ்வச்சம் இன்றும் நம் புறக்கடைகளில் நாள்தோறும் நிகழ்வதேயாம். ஆயின், கோழிக்குப் பகை வெருகு மட்டுமன்று, வெயிலும் பகையே. இவ்விரண்டினின்றும் அதனைக் காக்கும் கூட்டின் அமைப்பை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

இதனைக் கற்க யாம் கொடுத்த விலை சிறிதன்று. திருவள்ளூரை அடுத்த காக்களூரில், தொழிற்பேட்டைக்கு அணித்தாக உள்ளது எம் இல்லம். மண்சுவரும் பலகைக் கதவும் உடைய எம் பழைய கூட்டின் அடியில், ஒரு விடியற்காலையில் கீரியொன்று மண்ணைப் பறித்து உட்புகுந்து நான்கு கோழிகளைக் கொன்றது. மனம் வெதும்பிய யாம், நாற்புறமும் தகரம் அடைத்து, இடுக்கு ஒன்றேனும் இன்றிப் புதுக்கூடு சமைத்தோம். கீரி பின்னர் வரவில்லை. ஆயினும், கத்தரி வெயிலில் ஒருநாள், பருந்துக்கு அஞ்சிய அன்னையார் கோழிகளை உள்ளேயே அடைத்துவிட்டு வேலைக்குச் சென்றார். மாலையில் வந்து திறந்தபோது ஏழு கோழிகள் மாண்டு கிடந்தன. அவற்றின் முட்டை விற்ற பணமே என் தேர்வுக் கட்டணம். கீரிக்குத் தப்பியவற்றை எம் அறியாமை கொன்றது.

அவை மாண்டது ஏன்? கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடற்சூடு ஏறத்தாழ 41 டிகிரி சென்டிகிரேட். காற்றின் வெப்பம் 30 டிகிரிக்கு மேற்படின் அது சிறகை விரித்து, வாய் திறந்து இளைத்து, மூச்சின் ஈரத்தாலேயே தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். எமக்கு அணித்தான சென்னையில் 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் வெப்பம் 45 டிகிரியை எட்டியது. அஃதாவது, காற்று கோழியின் குருதியினும் சூடாயிருந்தது. அத்தகைய நாளில் காற்றோட்டமில்லாத தகரப் பெட்டி அடுப்பே அன்றோ?

ஆகவே வெயில் திறந்த சுவரை வேண்டுகிறது; பகை அடைத்த சுவரை வேண்டுகிறது. காற்றை விட்டுப் பல்லையும் நகத்தையும் தடுக்கும் சுவர் ஒன்றே இவ்வழக்கைத் தீர்க்க வல்லது.

பத்துக் கோழிகளுக்கு 5 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள தரை போதும். கூட்டின் நீளப்பாடு கிழக்கு மேற்காக இருத்தல் வேண்டும். அங்ஙனமாயின், காலை மாலை வெயில் குறுஞ்சுவர்களின்மேல் மட்டுமே படும். வடக்கும் தெற்கும் காற்றுக்குத் திறந்திருக்கும். மேற்கே ஒரு வேம்போ புங்கமோ நிழல் தருமாயின் மிக்க நன்று.

அடிப்படையைச் செங்கல்லால் ஓரடி ஆழம் இறக்கித் தரைக்குச் சிமிட்டி பூசுக. கீரியும் பெருச்சாளியும் மண்ணைப் பறித்து நுழைவதை இது தடுக்கும். கிழக்கு மேற்குச் சுவர்களை முழுதும் எழுப்பி, வெண்சுண்ணாம்பு அடித்திடுக. மற்றை இரு சுவர்களை ஓரடி மட்டும் எழுப்பி, அதன்மேல் கூரைவரை கம்பிவலை அமைத்திடுக. கோழிவலை என்று விற்கப்படும் மெல்லிய அறுகோண வலை, கோழி வெளியேறாமல் தடுக்குமேயன்றி, நாய் கடித்து இழுப்பின் கிழிந்துபோம். வெல்டு மெஷ் எனப்படும், அரை அங்குலக் கண்ணுடைய தடித்த வலையே தக்கது.

கூரைக்குப் பனையோலை அல்லது தென்னங்கீற்று உகந்தது, வெறுந்தகரம் ஆகாது. உச்சி 6 அடி உயர்ந்திருப்பின் சூடு மேலே எழும். உட்புகுந்து துடைப்பதும் எளிது. இறவாரம் சுவருக்கு வெளியே ஒன்றரை அடி நீளுதல் நலம். ஆயின், மரநாய் ஓலையைப் பிரித்து இறங்கும். பாம்பும் எலியும் அதனுள் ஒளியும். ஆதலின் ஓலைக்கடியிலும் அவ்வலையையே விரித்துச் சுவரோடு பிணித்தல் இன்றியமையாதது. பலரும் மறப்பது இதுவே.

கதவுக்கு மேலும் கீழும் இரு தாழ்கள் வேண்டும். கதவிடுக்கு அரை அங்குலத்திற்கு மிகுதல் கூடாது. உள்ளே தரைக்கு 2 அடி உயரத்தில் இரண்டு மரக்கோல்களைச் சுவரை ஒட்டாமல் அமைத்திடின் கோழிகள் நெருக்கமின்றி அடையும்.

கூடு மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும். பொழுது சாயுமுன் எண்ணி அடைத்தல் வேண்டும். பகலில் குஞ்சுகளைப் பஞ்சாரத்தின் கீழோ செடி நிழலிலோ விடின் பருந்தின் கண்ணுக்குத் தப்பும். நண்பகலில் தீனி இடாது, காலையிலும் மாலையிலும் இடுக. செரிமானமும் சூட்டை வளர்க்கும். நிழலில் மண்சட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

சிலர் கீரிக்குப் பொறியும் பாம்புக்குத் தடியும் தேடுவர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கீரியையும் சாரைப்பாம்பையும் கொல்வதைத் தடுக்கிறது. எலியைத் தின்று வயலைக் காப்பனவும் அவையே. அவற்றைக் கொன்று தீர்த்தல் இயலாது. நம் கூட்டைத் திருத்தல் இயலும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மார்த்தாண்டத்தில் கிராமப்பணி ஆற்றிய ஸ்பென்சர் ஹாட்ச் என்பார், ஏழைக் குடும்பங்கள் தலைநிமிரக் கோழி வளர்ப்பும் ஒரு வழியென உணர்ந்து அதனை வளர்த்தார். பத்துக் கோழிகள் செல்வர்க்கு விளையாட்டு. ஏழைத் தாய்க்கோ அவை அரிசியும் பள்ளிப் புத்தகமும் ஆகும். மேற்கூறிய முறையில் யாம் அமைத்த கூட்டில் சென்ற கோடை முழுதும் ஒரு கோழியும் மடிந்திலது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள், தத்தம் இல்லத்துக் கூட்டின் கூரையையும் அடியையும் ஒருமுறை குனிந்து பார்ப்பார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயனை யான் பெற்றவனாவேன்.